அக்கா வருவதற்குப் பதினான்கு வாரம் முன்னாலேயே

போன வருஷம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பது பாக்கெட் விதையையும் பிரித்து விதைத்து முடித்தேன். ஒரே நாளில் வேலை தீர்ந்தது என்று அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஜினியா இரண்டே மாதத்தில் பூத்துத் தள்ளிவிட்டது. அது வாடி, இலையெல்லாம் சாம்பல் நோய் படர்ந்து, நான் பிடுங்கிப் போட்ட பிறகுதான் பெட்டூனியா முதல் மொட்டை வைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாகப் பத்து நாள் தோட்டத்தில் ஒரு பூ கிடையாது. அந்தப் பத்து நாளில்தான் அக்கா வந்தாள்.

"பூந்தோட்டம் போட்டிருக்கேன்னு போன்ல அத்தனை பீத்திக்கிட்ட, வெறும் தழையா இருக்கேடா?"

இந்த வருஷம் அவள் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிட்டது. இரண்டு வாரம் தங்குவாள். கையில் பதினாறு வாரம் இருந்தது. ஒரு பழைய நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் அவள் வரும் நாளை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ண ஆரம்பித்தேன். கீழே இருப்பது அந்த நோட்டில் இருந்ததுதான், கொஞ்சம் விளக்கத்தோடு.

கழித்தல் கணக்கு

விதை பாக்கெட்டின் முதுகில் எத்தனையோ அச்சடித்திருப்பார்கள். எனக்கு வேண்டியது இரண்டு எண் மட்டும்: முளைக்க எத்தனை நாள், பூக்க எத்தனை நாள். இரண்டாவது எண்ணில்தான் சிக்கல். சில பாக்கெட்டில் அது விதைத்த நாளிலிருந்து எண்ணியது, சிலவற்றில் நாற்றை எடுத்து நட்ட நாளிலிருந்து எண்ணியது. பெட்டூனியா மாதிரி நாற்றுத் தட்டிலேயே ஏழெட்டு வாரம் உட்கார்ந்திருக்கும் செடிக்கு இந்த வித்தியாசம் இரண்டு மாதத்தைத் தின்றுவிடும். போன வருஷம் நான் ஏமாந்தது இங்கேதான்.

நோட்டில் எழுதிக்கொண்ட கணக்கு இது. விதைத்ததிலிருந்து முதல் பூ வரை பெட்டூனியாவுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம். பான்சிக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. வாடாமல்லிக்கும் பெரிய தலை வைக்கும் ஆப்பிரிக்கச் செண்டுமல்லிக்கும் பன்னிரண்டு. குட்டையான பிரெஞ்சு செண்டுமல்லிக்கு எட்டு. ஜினியா, காசித்தும்பைக்கு எட்டு, ஒன்பது. காஸ்மோஸுக்கு எட்டிலிருந்து பத்து. சூரியகாந்தியில் ஒற்றைத் தண்டு வகைக்கு எட்டு வாரம். எல்லாவற்றோடும் ஒரு வாரம் கூடுதலாகச் சேர்த்தேன், நாற்று செத்தால் மறுபடி விதைக்க. அந்த ஒரு வாரம் எனக்கு எப்படி உதவியது என்று பின்னால் வருகிறது.

நுனி கிள்ளுவதற்கும் நாள் ஒதுக்க வேண்டும் என்பது யாரும் சொல்லாத விஷயம். ஜினியா, செண்டுமல்லி, காஸ்மோஸ் மூன்றையும் சின்னதில் நுனி கிள்ளினால் பக்கக்கிளை வெடித்துப் புதராகும், பூவும் கூடும். ஆனால் முதல் பூ ஒரு வாரமாவது தள்ளிப் போகும். கிள்ளப்போகிறேன் என்றால் அந்த வாரத்தையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் கிள்ளவே கூடாது.

இந்தக் கணக்கோடு வானிலையும் ஒத்துவர வேண்டும். எந்த ஊராக இருந்தாலும் தோட்டக்காரருக்கு வருஷத்தில் இரண்டு எல்லை உண்டு. ஒன்று குளிர் விலகும் நாள். பனி உறையும் ஊர் என்றால் கடைசி உறைபனி இரவு. இன்னொன்று கடும் வெயிலோ அடைமழையோ தொடங்கும் நாள். ஜினியா, செண்டுமல்லி, காஸ்மோஸ், வாடாமல்லி எல்லாம் வெதுவெதுப்பு கேட்கும் கூட்டம். பான்சி, இனிப்புப் பட்டாணிப் பூ, லார்க்ஸ்பர் எல்லாம் குளிர் கேட்கும் கூட்டம். நான் தேதியைவிட மண்ணைத்தான் நம்புகிறேன். காலையில் ஒரு வெப்பமானியை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் குத்திவைத்துப் பார்ப்பேன். தொடர்ந்து சில நாள் 18 டிகிரிக்கு மேல் காட்டினால்தான் ஜினியா விதை தோட்டத்துக்குப் போகும். அதற்குக் குறைவான ஈர மண்ணில் போட்டால் முளைப்பதற்குப் பதில் அழுகும்.

பழைய விதைக்கு ஒரு பரீட்சை

டப்பாவில் மூன்று வருஷத்துக்கு முந்தைய விதைகளும் கிடந்தன. எறிய மனம் வரவில்லை, நம்பி விதைக்கவும் தைரியமில்லை. ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈரமான டிஷ்யூ தாளில் பரப்பி, சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வெதுவெதுப்பான மூலையில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பிரித்தால் ஜினியாவில் எட்டு வால் விட்டிருந்தது. காஸ்மோஸில் ஐந்து. அதாவது காஸ்மோஸை இரண்டு மடங்கு நெருக்கமாக விதைத்தால் போதும். லார்க்ஸ்பரில் ஒன்றுகூட இல்லை. அது சீக்கிரம் உயிர் விடும் விதை, வருஷா வருஷம் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

விதை சேமிப்பில் ஹாரிங்டன் விதி என்று ஒன்று உண்டு. விதைக்குள் இருக்கும் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். நான் இத்தனை நாள் அந்த டப்பாவை வைத்திருந்தது ஜன்னல் மேடையில், நேர் வெயிலில். இப்போது நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜுக்குள் வைத்திருக்கிறேன். வெளியே எடுத்தால் பாட்டில் அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியைத் திறப்பதில்லை. திறந்தால் குளிர்ந்த விதைமேல் நீர் பூத்துவிடும்.

வாரம் 14: தூசியை விதைப்பது

பெட்டூனியா பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே விதை இருக்கிறதா என்றே முதலில் சந்தேகம் வரும். ஒரு கிராமில் சுமார் 10,000 விதை. தும்மினால் போச்சு. போன வருஷம் வழக்கம்போல மேலே அரை விரல்கடை மண்ணைத் தூவி மூடினேன், பாதிக்கு மேல் முளைக்கவில்லை. விதையின் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொது விதி. தூசிக்கு மூன்று மடங்கும் தூசிதான். அதோடு பெட்டூனியாவுக்கு முளைக்க வெளிச்சமும் வேண்டும். ஸ்னாப்டிராகன், பத்துமணிப் பூவும் அப்படித்தான். மூடவே கூடாது.

இந்த முறை செய்தது: சலித்த கோகோபீட்டோடு (தேங்காய் நார்த்தூள்) கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைக் கல்துகள்) கலந்து குழித்தட்டில் நிரப்பி, முதலிலேயே நனைத்து, மேற்பரப்பை விரலால் லேசாக அழுத்திச் சமன் செய்தேன். வெள்ளைத் தாளை நடுவில் மடித்து, மடிப்புக்குள் விதையைக் கொட்டிக்கொண்டேன். பல் குத்தும் குச்சியின் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அந்த நுனியால் விதையைத் தொட்டால் ஒன்றோ இரண்டோ ஒட்டிக்கொள்ளும். அதைக் குழியின் நடுவில் தொட்டு வைத்தால் ஈரம் வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். ஐம்பது குழிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கழுத்து வலிக்கும், ஆனால் பின்னால் நெருக்கமாக முளைத்ததைக் கலைக்கும் வேலை மிச்சம். தெளிப்பானில் பனிபோல ஒரு தடவை அடித்து, மேலே ஒளி ஊடுருவும் மூடி. எட்டாம் நாள் காலை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிந்தது: ஊசி முனையளவு பச்சை, முப்பத்தெட்டு குழியில்.

அதே நாளில் பான்சியும் போட்டேன். அது நேர் எதிர். இருட்டு வேண்டும், 15 முதல் 18 டிகிரி குளுமை வேண்டும். அரை சென்டிமீட்டர் மண் மூடி, மேலே அட்டையும் வைத்தேன். ஆனால் இரண்டு தட்டையும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து வைத்துவிட்டேன். அலமாரியில் வெப்பம் 26 டிகிரி. பெட்டூனியாவுக்குக் கொண்டாட்டம். பான்சி மூன்று வாரத்தில் நாற்பதுக்கு நாலு முளைத்து, அதிலும் இரண்டு கருகியது. பான்சியின் கதை இத்தோடு முடிந்தது. இனி குளிர் தொடங்கும் பருவத்தில்தான் அதைத் தொடுவேன்.

சங்குப்பூ விதைக்குத் தோல் கெட்டி. நெயில் கட்டரால் ஒரு ஓரத்தில் லேசாகக் கிள்ளிவிட்டு இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் உப்பிப் பெரிதானதை மட்டும் ஊன்றினேன், உப்பாததை மறுபடி கிள்ளி ஊறவைத்தேன். கிள்ளும்போது விதையில் முளை கிளம்பும் தழும்புப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும்.

வாரம் 13: கழுத்தொடிந்த நாற்றுகள்

ஆப்பிரிக்கச் செண்டுமல்லியும் வாடாமல்லியும் இந்த வாரம். செண்டு விதை கறுப்புக் குச்சியில் வெள்ளைக் குஞ்சம் வைத்த மாதிரி இருக்கும். குஞ்சம் மேலே வர, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் செருகினால் நாலாம் நாள் முளை. நான் போட்டது நானே போன வருஷம் எடுத்து வைத்த உயரமான நாட்டு ரகம்.

ஒன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஒரு ஓரத்தில் ஏழு நாற்று படுத்துக் கிடந்தது. இலை பச்சையாகவே இருந்தது, வாட்டம் இல்லை. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூல்போல இற்று, பழுப்பாக, நீர் கோத்து இருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரி மண்ணில் வாழும் நோய்க்கிருமிகளின் வேலை. மாலைக்குள் அந்த ஏழு இருபதானது.

குற்றம் என் மேல்தான். குழித்தட்டைப் போன வருஷ மண் ஒட்டியபடியே எடுத்து நிரப்பினேன். மேலிருந்து தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தேன். முளைத்த பிறகும் மூடியை எடுக்கவில்லை, உள்ளே எப்போதும் வேர்த்துக் கிடந்தது. விழுந்த நாற்றை எந்த மருந்தும் எழுப்பாது. பரவுவதைத் தடுப்பதுதான் நம்மால் முடிந்தது. விழுந்த குழிகளையும் அதை ஒட்டியிருந்த ஒரு வரிசையையும் மண்ணோடு தோண்டி வெளியே கொட்டினேன். மூடியை எடுத்துவிட்டு, ஒரு சின்ன மின்விசிறியை எட்ட வைத்து, இலை மெல்ல ஆடும் அளவுக்கு ஓடவிட்டேன். மேலே தெளிப்பதை நிறுத்தினேன்.

அன்றிலிருந்து தண்ணீர் அடியிலிருந்துதான். ஒரு அகன்ற தட்டில் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, குழித்தட்டை அதில் இருபது நிமிஷம் இறக்கி வைப்பேன். மேல்மண் நிறம் மாறியதும் எடுத்து வடியவிடுவேன். எப்போது தண்ணீர் வேண்டும் என்று தெரிய விரலைவிட நல்ல கருவி மணிக்கட்டு. நனைந்த தட்டைத் தூக்கிப் பார்த்து எடையை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். தூக்கும்போது அட்டைப்பெட்டி மாதிரி லேசாக இருந்தால் தண்ணீர் காட்டலாம், கனத்தால் விட்டுவிடலாம்.

தட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளீச் கலந்த நீரில் ஊறவைத்து, காயவைத்து, புதுக் கோகோபீட்டில் மறுபடி விதைத்தேன். போனது பத்து நாள். கூடுதலாக வைத்திருந்த வாரத்துக்கு இப்படி வேலை வந்தது. அதற்கு மேலும் மூன்று நாள் கடன்.

விளக்கடியில்

அறைக்குள் வளரும் நாற்று ஜன்னல் பக்கம் சாய்ந்து, வெள்ளைத் தண்டாக நீண்டு, நிற்கத் தெம்பில்லாமல் இருந்தால் காரணம் ஒன்றுதான், வெளிச்சம் போதவில்லை. உரம் போட்டால் இன்னும் மோசம். எல்.இ.டி. குழல் விளக்கு இரண்டை நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் தாண்டாத உயரத்தில் தொங்கவிட்டேன். நாற்று உயர உயர விளக்கையும் உயர்த்தினேன். டைமரில் பதினாறு மணி நேரம் எரியும்படி வைத்தேன். எல்லாத் தட்டும் ஒரே விளக்கடியில். நாற்று குட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக வந்தது. அக்கா போனில் கேட்டபோது படம் எடுத்து அனுப்பினேன்.

"இதுவும் தழைதானேடா?"

"பொறு அக்கா."

பதினாறு மணி நேர வெளிச்சத்தில் ஒரு வினை இருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வாரம் 9, 8: நேரடி விதைப்பு

ஜினியா, காசித்தும்பை, காஸ்மோஸ், சூரியகாந்தி நாலையும் தோட்டத்திலேயே நேராக விதைத்தேன். ஜினியாவும் சூரியகாந்தியும் வேர் கலைந்தால் முகம் சுளிக்கும். மண்ணைக் கொத்திப் புரட்டி, கட்டியை உடைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஜினியா. இரண்டு சென்டிமீட்டரில் சூரியகாந்தி. உரம் பெரிதாகப் போடவில்லை. காஸ்மோஸுக்குத் தழைச்சத்து கூடினால் இடுப்பளவு இலையாக நிற்கும், பூ வராது.

ஜினியாவை மூன்று பங்காகப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் விதைத்தது இந்த வருஷத்தின் நல்ல முடிவு. முதல் பங்கு சாம்பல் நோயில் அசிங்கமாகும் நேரத்தில் இரண்டாவது முழு வீச்சில் பூத்து நின்றது.

விதைத்த மறுநாள் காலையில் காஸ்மோஸ் பாத்தியில் எறும்பு வரிசை. ஒவ்வொன்றும் ஈட்டிபோல ஒரு விதையைத் தூக்கிக்கொண்டு போகிறது. தடுக்க முடியவில்லை. மீதி விதையைக் குழித்தட்டில் போட்டு நாற்றாக்கித்தான் நட்டேன். சூரியகாந்தி முளையின் பருத்த விதையிலையைக் குருவி கொத்தியது. அடி வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்து வைத்ததும் நின்றது. நாலு நிஜ இலை வந்ததும் பாட்டிலை எடுத்துவிட்டேன். அதன் பிறகு குருவிக்கும் அதில் ஆர்வமில்லை.

நெருக்கமாக முளைத்ததைக் களையும்போது பிடுங்கவில்லை. பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் கூடவே எழும்பும். கத்தரிக்கோலால் மண்ணோடு வெட்டிவிட்டேன். ஜினியாவுக்கு ஒரு அடி இடைவெளி விட்டது அப்போது வீண் என்று தோன்றியது. ஒரு மாதத்தில் அந்த இடம் நிறைந்துவிட்டது.

பிரெஞ்சு செண்டுமல்லி தட்டில் போட்டு, முளைத்து, எந்தத் தொந்தரவும் தராமல் வளர்ந்தது. எழுத வேறொன்றும் இல்லை.

வெளியே பழக்குதல்

விளக்கடியில் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தட்டு வாடாமல்லியைப் பலி கொடுத்தேன். வேண்டுமென்று இல்லை, மதியம் எடுக்க மறந்துவிட்டேன். மாலையில் இலையெல்லாம் வெள்ளைத் தாளாக வெளுத்திருந்தது. பெரும்பாலானவை புது இலை விட்டுப் பிழைத்தன, ஆனால் ஒரு வாரம் பின்தங்கின.

மற்றவற்றை ஒழுங்காகப் பழக்கினேன். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலாம் நாள் காலை வெயில், எட்டாம் நாள் முழு நாளும் இரவும் வெளியே. நடுவது மாலையில். குழியைக் கீழிருந்து அழுத்தினால் வேர்ப்பந்து உடையாமல் முழுசாக வெளியே வர வேண்டும். வெள்ளை வேர் மண்ணைப் பின்னிப் பிடித்திருந்தால் நடலாம். மண் உதிர்ந்தால் இன்னும் ஒரு வாரம் தட்டிலேயே இருக்கட்டும்.

வந்த நாளும் வராத பூவும்

அக்கா வந்த அன்று தொடங்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியது: பெட்டூனியா ஆறு நாளாகப் பூக்கிறது. பிரெஞ்சு செண்டு முழுப் பூ. ஜினியா முதல் பங்கு உச்சம், இரண்டாவது மொட்டு. காசித்தும்பை பூவோடு காயும் வைத்துவிட்டது. அக்கா ஒரு காயைத் தொட்டதும் அது வெடித்து விதை தெறிக்க, கையை உதறிக்கொண்டு சிரித்தாள். சூரியகாந்தி இரண்டு நாள் முன்னால், வாடாமல்லி ஒரு வாரம் பின்னால். காஸ்மோஸ் அவள் வந்த ஐந்தாம் நாள்.

ஆப்பிரிக்கச் செண்டு மட்டும் மார்பளவு வளர்ந்து, ஒரு மொட்டில்லாமல் நின்றது. மூன்று நாள் கடன் என்று நான் போட்ட கணக்குக்கு இது அடங்கவில்லை. பத்து நாள் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. 1920-இல் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் காட்டியதுதான் விஷயம்: சில செடிகள் பூப்பதைத் தீர்மானிப்பது பகலின் நீளம். ஆப்பிரிக்கச் செண்டும் காஸ்மோஸும் பகல் குறுகினால் விரைந்து பூக்கும் ஜாதி. பெட்டூனியா பகல் நீண்டால் விரைந்து பூக்கும் ஜாதி. நான் இரண்டையும் ஒரே விளக்கடியில் பதினாறு மணி நேரம் வைத்து, ஒன்றை அவசரப்படுத்தி, இன்னொன்றிடம் "இன்னும் நேரமிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியே நட்ட பிறகும் பகல் வளர்ந்துகொண்டே போன பருவம். உயரமான பழைய ரகம் என்பதால் இந்தக் குணம் இன்னும் தூக்கலாக இருந்திருக்கும். அடுத்த முறை செண்டு நாற்றுக்கு வேறு அலமாரி, பத்து மணி நேர வெளிச்சம், ராத்திரி முழு இருட்டு. நோட்டில் சிவப்பு மையில் எழுதிவிட்டேன்.

செண்டு விரிந்தது அக்கா கிளம்பிப்போன ஒன்பதாம் நாள். ஒரு கை கொள்ளாத பூ, நல்ல மஞ்சள். படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "இதைத்தான் முதல்ல விதைச்சிருக்கணும்."

கிட்டத்தட்ட முதலில்தான் விதைத்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை.